ஏழு பத்தொன்பது டயர்

மார்கழி முழுக்க ஈஸ்வரமூர்த்தி வீட்டில் டயரைத் தவிர வேறு பேச்சில்லை. மகன் சந்துருவுக்குத் தை பிறந்ததும் கல்யாணம். பத்திரிகை கொடுத்து முடியவில்லை, பந்தல்காரனுக்கு வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் வண்டிச்சாளையில் நின்று, கருங்கல் மேல் ஏற்றி வைத்திருந்த பழைய காரின் வெறும் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்தோட்டத்துக்காரன் என்ற பாவத்துக்கு நானும் தினம் போய் நிற்பேன். நின்றால் நர்மதா ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொடுப்பாள். பொய் எதற்கு, பாதி அதற்காகத்தான் போனேன்.

எங்கள் வேப்பம்பதி கேரளாவில் இருக்கிறது. ரேஷன் கார்டில் மலையாளம், வாயில் கோயமுத்தூர்த் தமிழ். மார்கழியில் கிழக்கேயிருந்து வரும் காற்று தோப்புக்குள் புகுந்து தென்னைகளைப் போட்டு உலுக்கும். நடக்கிறவன் தலைக்கு மேலே ஒரு கண் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், மட்டை விழுந்தால் விழுந்ததுதான். கடலைக்காய் பிடுங்கி, கொடியைப் போர் போட்டு, ஆட்கள் சற்று ஓய்ந்திருக்கிற காலம் அது. வம்பு பேச அதைவிட நல்ல காலம் வருஷத்தில் கிடையாது.

அந்தக் கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் வாங்கியது. அமெரிக்கக் கார். கம்பிக் கம்பியாய்ச் சக்கரம், உயரமான படி, பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். வாழ வருகிற பெண் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அந்தக் காரில் ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். சட்டம் போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கேட்டால் கடித்துவிடுவார்கள். அப்படிக் காரில் வந்த கடைசிப் பெண் சின்னத்தாயி, ஈஸ்வரமூர்த்தியின் அண்ணன் மனைவி. அவளுக்கு அடுத்து வந்திருக்க வேண்டியவள் நர்மதா.

நர்மதாவின் கல்யாணத்தன்று கோயில் முன்னால் கார் நின்றது. பெண் ஏறுவதற்குக் கதவைத் திறக்கிறார்கள், முன் டயர் டமார் என்று வெடித்தது. ரப்பர் அவ்வளவு உளுத்துப்போயிருந்தது. மாற்று டயர் கிடையாது. நல்ல நேரம் போகிறது, நல்ல நேரம் போகிறது என்று நாலு பக்கமும் கத்தினார்கள். வைக்கோல் இறக்கிவிட்டு அந்த வழியே வந்த டிராக்டரை மறித்து, பெண்ணைப் பின்னால் டிப்பரில் ஏற்றிவிட்டார்கள். கூறைச்சேலை முழுக்க வைக்கோல் தூசியோடு வாசலில் இறங்கினாள் பாவம். ஆரத்தித் தட்டோடு நின்ற சின்னத்தாயி, "பொண்ணு வந்துருக்குதா, வெக்கப்போரு வந்துருக்குதா?" என்று கேட்டுவிட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய 'டிராக்டர்க்காரி' என்ற பேர் இருபத்தெட்டு வருஷமாக உதிரவில்லை. காதுகுத்தோ, கருமாதியோ, நர்மதா போய் உட்கார்ந்தால் யாராவது ஒருத்தி, "டிராக்டர்க்காரி வந்தாச்சா?" என்பாள். பெரும்பாலும் அது சின்னத்தாயியாகத்தான் இருக்கும்.

கார் அதன்பின் கல்லில் ஏறியது, இறங்கவே இல்லை. பாகப்பிரிவினையில் ஓடாத காரை யாரும் கேட்கவில்லை, அது ஈஸ்வரமூர்த்தியின் பங்கில் கிடந்தது.

"பூபதியண்ணா, என்ற மருமவ அந்தக் கார்லதானுங் வரோணும்," என்று நர்மதா என்னிடம் சொன்னாள். "வேற எதுல வந்தாலும் அவளுக்கும் ஒரு பேர வெச்சுருவாங்க. நானு பட்டது போதுமுங்."

சும்மா ஒரு ஆசைக்குப் பேசுகிறவள் அல்ல அவள்.

எஞ்சின் ஓடிவிட்டது. அதை ஓட வைத்தவன் இன்னாசிராஜ். கொழிஞ்சாம்பாறையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், ஆனால் ஊர் பீர்மேடு. தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்து, மலைரோட்டு ஜீப்புகளுக்கு அடியில் படுத்துத் தொழில் படித்தவன். அவன் தாத்தா திருநெல்வேலியிலிருந்து மலையேறியபோது கொண்டுபோன பேச்சு இன்னும் அவன் வாயில் அப்படியே இருக்கிறது. ஓடுகிற எஞ்சினை வைத்துக்கொண்டு டயர் இல்லாமல் நின்றதில் அவனுக்கும் வருத்தம்.

"அண்ணாச்சி, நான் சொல்லுதத கேளுங்க," என்றான். "இந்த ரிம்மு பத்தொன்பது இஞ்சு. இதுக்குள்ள டயரு நாலே முக்கா பத்தொன்பது. இங்கன எவங்கிட்டயும் கெடையாது, நான் கேட்டுப் பாத்துட்டேன். பேசாம ரிம்ம அறுத்துட்டு ஜீப்பு ரிம்ம வச்சு வெல்டு அடிச்சிருவோம். பதினாறு இஞ்சு. எங்க ஊர்ல பெட்டிக்கடையில கேட்டாக்கூட ஜீப்பு டயரு எடுத்துக் குடுப்பான்."

"அறுக்கறதா?" ஈஸ்வரமூர்த்தி சக்கரத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். "பதினாறு போட்டா காரு குட்டையாப் போயிரும் இன்னாசி. குட்டக்காலு மாடாட்ட நிக்கும். பாக்கறவன் சிரிப்பான்."

"இப்ப கல்லு மேல நிக்குதத பாத்து மட்டும் அழுவானாக்கும்?"

சந்துரு பெங்களூரிலிருந்து போனில் வந்தான். அவன் எதைச் சொன்னாலும் அமெரிக்காவிலிருந்துதான் ஆரம்பிப்பான். "அப்பா, அங்க இன்னமும் இதே சைஸ் போட்டுட்டு இருக்காங்கப்பா. ஆர்டர் போட்டா கப்பல்ல வந்துரும்."

"எப்ப வரும்?"

"மாசி, பங்குனி ஆகும்ப்பா."

"அதுவரைக்கும் உன்ற பொண்டாட்டியக் கோயல்லயே உக்கார வெக்கறதா? போன வைடா."

நான் சும்மா இருந்திருக்கலாம். புல்லட் மோட்டார் சைக்கிள் டயரும் பத்தொன்பதுதானே என்று ஒரு யோசனையை அவிழ்த்துவிட்டேன். இன்னாசிராஜ் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஒரு டன்னு வண்டிய பைக்கு டயரு எப்படிண்ணே சொமக்கும்? பொண்ணு ஏறிக் குந்தும்போதே படார்னு போயிரும்."

படார் என்றதும் நர்மதாவின் முகம் மாறிவிட்டது. காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு இரண்டாவது டம்ளர் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் ஈஸ்வரமூர்த்தி வேலி மேலே எட்டிப் பார்த்துக் கத்தினார். "மாப்ள! ஓடியா, ஓடியா!" பாம்பு புகுந்துவிட்டதாக்கும் என்று தடியோடு ஓடினேன். சாளையில், காருக்குப் பக்கத்திலேயே நிற்கிற மாட்டு வண்டியின் அடியில் குனிந்து கிடந்தார். அது ரப்பர் டயர் போட்ட வண்டி. கடலை மூட்டையும் தேங்காயும் ஏற்றி வருஷக்கணக்காக ஓடுகிறது. டயரின் பக்கவாட்டில் சாணியைச் சுரண்டிவிட்டு விரலால் காட்டினார்.

"படி."

ஆறு, ஒரு கோடு, பத்தொன்பது. முன்னால் இருக்கிற எண் டயரின் தடிமன், பின்னால் இருப்பது ரிம்மின் குறுக்களவு. மாட்டு வண்டிக்கும் பத்தொன்பதுதான்! பக்கத்தில் பக்கத்தில் இத்தனை வருஷம் நின்றிருக்கின்றன, ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஈஸ்வரமூர்த்தி சின்னப் பையன் மாதிரி கையைத் தட்டினார். நர்மதா சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

இன்னாசிராஜ் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். "மாட்டுக்குன்னு செஞ்ச டயரு வேகம் தாங்காதே அண்ணாச்சி."

"கோயல்லருந்து ஊட்டுக்கு என்னடா வேகம்? மாடு போற வேகம் போனாலே எச்சு."

"அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு. நான் கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போயிட்டு, தங்கச்சி பிலோமி பிள்ளைக்கு ஞானஸ்நானம், அதையும் முடிச்சிட்டு வாரேன். வந்து ரிம்மு விளிம்பு சரியா உக்காருதான்னு பாத்துக்கிடலாம். அதுவரைக்கும் கைய வைக்காதீங்க."

ஈஸ்வரமூர்த்தி கையை வைக்காமல் இருப்பதா? மறுநாளே எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பொள்ளாச்சிக்குப் போனது. கடைக்காரன் இரண்டு வகை எடுத்துப் போட்டான். ஒன்று ஆறு பத்தொன்பது, வண்டியில் இருப்பது மாதிரி. இன்னொன்று ஏழு பத்தொன்பது, பாரவண்டிக்கு. ஈஸ்வரமூர்த்தியின் கை ஆறின் பக்கம் போனது. நர்மதா குறுக்கே வந்தாள். குனிந்து இரண்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள், தேங்காய் வாங்குகிறவள் மாதிரி தட்டிப் பார்த்தாள்.

"இதையே எடுங்," என்றாள், ஏழைக் காட்டி. "இதுதான் கெட்டி."

"ஆறே போதும் நர்மதா."

"உங்குளுக்குப் போதுமுங். இந்தத் தடவ வெடிச்சா நா உசுரோட இருக்க மாட்டேன், பாத்துக்குங்."

கடைக்காரன் என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன். ஈஸ்வரமூர்த்தி ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஆமா, பாரத்துக்கு ஏழுதான் தாங்கும்," என்று தானே முடிவெடுத்த மாதிரி சொன்னார். நாலு டயர், நாலு டியூப். வழியில் கோபாலபுரத்தில் மூவரும் சூடாக வடை தின்றோம். நர்மதா அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

மாட்டியது நாங்கள்தான். கடப்பாறை, சோப்புத் தண்ணீர், என் முழங்கை, ஈஸ்வரமூர்த்தியின் வாய், எல்லாம் சேர்ந்து ஒரு பகல் முழுக்க வேலை செய்தன. டயர் ரிம்மில் கொஞ்சம் உப்பினாற்போல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததே பெரிது. காரைக் கல்லிலிருந்து இறக்கியதும் அது ஒரு முழம் வளர்ந்துவிட்ட மாதிரி தெரிந்தது. சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தோம். மேலே மூன்று விரல் இடைவெளி, பக்கத்தில் இரண்டு விரல். வண்டிக்கு அச்சுக் கோக்கும்போது அப்படித்தான் பார்ப்பது. நர்மதா நாலு டயருக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

இன்னாசிராஜ் பொங்கல் முடிந்துதான் வந்து சேர்ந்தான். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே நாள். வந்தவன் டயரைப் பார்த்ததும் வாயில் கைவைத்தான். "ஏழையா போட்டீங்க?" என்றான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். கார் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. சாளையிலிருந்து பின்னுக்கு வந்து வாசலுக்கு இறங்கியது. நாங்கள் விசில் அடித்தோம். பெருமாள் தேர் மாதிரி அசைந்து வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வாசலிலிருந்து வெளியே போக, வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடமான இட்டேரிக்குள் திரும்ப வேண்டும். இன்னாசிராஜ் ஸ்டியரிங்கைத் திருப்பினான். கர்ர் என்று ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது. முன்சக்கரம் ஒரு பக்கம் மட்காட்டில் ஏறிக்கொண்டிருந்தது, உள்பக்கம் ஏதோ ஒரு ராடில் போய் முட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கதை.

அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மூன்று பேரும் பிறந்ததிலிருந்து மாட்டு வண்டிக்குச் சக்கரம் பார்த்தவர்கள். வண்டிச் சக்கரம் நேராக ஓடும், அவ்வளவுதான். திரும்புகிற வேலை மாட்டுடையது. காரில் சக்கரமே திரும்ப வேண்டும் என்பது ஒருவன் மண்டையிலும் ஏறவில்லை. ஜீப் ஓட்டுகிறோம், டிராக்டர் ஓட்டுகிறோம், அப்படியிருந்தும் வண்டிச்சாளைக்குள் நின்றால் வண்டிப் புத்திதான் வருகிறது.

"நேராப் போவும், நேரா வரும்," என்றான் இன்னாசிராஜ், இறங்கி வந்து. "ரயிலு மாதிரி. திரும்ப மட்டும் செய்யாது." சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன். நர்மதாவைப் பார்த்ததும் இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம்.

பொள்ளாச்சிக் கடைக்குப் போன் போட்டால், பொங்கலுக்கு அடைத்தவன் அடுத்த வாரம்தான் திறப்பேன் என்கிறான். சாளையில் நிற்கிற மாட்டு வண்டி டயரைக் கழற்றலாம் என்றால் அது தேய்ந்து நூல் தெரிகிறது. நர்மதா அதைத் தொடவே விடவில்லை. மட்காட்டைக் கழற்றினாலும் உள்ளே ராடு இடிக்கும். திருப்பத்தில் ஆறு பேர் முன்பக்கத்தைத் தூக்கி வைத்துவிட்டால் என்ன என்றேன்.

"பொண்ணு உள்ள உக்காந்துருக்கத் தூக்கித் தூக்கி வெப்பீங்களா?" நர்மதாவுக்குக் குரல் உடைந்தது. "'தூக்கி வெச்ச பொண்ணு'ன்னு பேரு வரும். வேண்டாமுங்."

கடலைக்கொடிப் போரின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான கெட்டியா எடுங்கன்னு சொன்னேன். ஆறெடுத்தவர நாந்தான தடுத்தேன்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஈஸ்வரமூர்த்தி பக்கத்தில் போய் நின்றார். சமாதானம் சொல்லத் தெரியாத மனுஷன், அவள் தலையில் ஒட்டியிருந்த கொடியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

தோப்பின் நடுவே ஒரு கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் சின்னத்தாயியின் பங்கு, ரோடு வரைக்கும். வேலிக்கு மேலே அவள் தலை தெரிந்தது.

"ஏம்புள்ள, காரு மொரண்டு புடிக்குதா? டிராக்டருக்குச் சொல்லியுடட்டுமா?"

ஈஸ்வரமூர்த்தி பல்லைக் கடித்தார். நர்மதா முந்தானையை எடுத்துவிட்டு விறுக்கென்று எழுந்தாள். இன்றைக்கு நாலு வார்த்தை கேட்கப்போகிறாள் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவள் சின்னத்தாயியைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு சின்னத்தாயியின் தலைக்குப் பின்னால் பார்த்தாள். இரண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவே, தோப்பைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, மாரியம்மன் கோயில் வேப்பமரம் நேர் எதிரே நின்றது. திரும்பி வாசலைப் பார்த்தாள், சாளையைப் பார்த்தாள். எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன.

"திரும்பாட்டி என்னங்க," என்றாள் புருஷனிடம். "நேரா வரட்டும்."

நேராக வர வேண்டுமென்றால் சின்னத்தாயி வேலியைப் பிரிக்க விட வேண்டும். பாகம் பிரித்ததிலிருந்து ஈஸ்வரமூர்த்தி அந்தப் படியை மிதித்ததில்லை. "நா போயிக் கேக்க மாட்டேன்," என்றார். "உங்களை யாருங் கூப்ட்டா? பூபதியண்ணா, கூட வாங்," என்று நர்மதா நடந்துவிட்டாள்.

சின்னத்தாயி கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நர்மதா நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, உங்க வேலிய ஒரு நாளைக்குப் பிரிக்கோணுங்."

"எதுக்கு?"

"மருமவ காரு அந்த வழியா வரோணுங்."

சின்னத்தாயி மொச்சையைக் கீழே போட்டாள். ஒரு மாதிரி சிரித்தாள். "அந்தக் கார்ல வந்தே ஆகோணுமா? நா அதுல எப்புடி வந்தேன்னு தெரியுமா புள்ள உனக்கு?"

"ராணியாட்ட வந்தேன்னு நீங்கதான் ஊரெல்லாம் சொல்றீங்களே."

"ராணியாட்ட! பெட்ரோலு நாத்தம் கொடலப் பொரட்டி, எறங்குனதும் மாமியா காலு மேலயே வாந்தி எடுத்தேன். ரெண்டு கொடம் தண்ணி ஊத்திக் கழுவுனாங்க. 'வாந்தி எடுத்தவ, வாந்தி எடுத்தவ'ன்னு மாமியாளும் நாத்துனாரும் என்னையப் பண்ணுன பாடு! எங்க போனாலும் அதே பேச்சு. அப்பறம் நீ டிராக்டர்ல வந்து எறங்குனே. அப்பாடா, இனி இவளப் பேசுவாங்கன்னு எனக்கு உசுரே வந்துச்சு. அதான் நா முந்திக்கிட்டேன்."

நர்மதாவின் வாய் திறந்தபடி இருந்தது. "அடப்பாவி அக்கா! அதுக்கு இருபத்தெட்டு வருசமா?"

"பழகிப்போச்சு புள்ள, என்ன பண்றது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்மதாவுக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கே பிடிபட்டிருக்காது. கடைசியில் சிரிப்புதான் ஜெயித்தது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சின்னத்தாயி எழுந்து சேலையை உதறினாள்.

"வேலியப் பிரிச்சுக்குங்க. வாய்க்கால மட்டை போட்டு மூடுங்க. தடத்தோரமா ரெண்டு தென்னங்கன்னு வெச்சுருக்கறேன், அதுல மட்டும் டயரு பட்டுதுன்னா அப்பத் தெரியும் நா யாருன்னு."

மறுநாள் வெடியால, கோழி கூவும்போதே, நாலு ஆளோடு வேலையை ஆரம்பித்தோம். கம்பியைச் சுருட்டி ஓரமாக வைத்தோம். வாய்க்காலில் தேங்காய் உரிமட்டையைக் கொட்டி, மேலே மண்ணைப் போட்டு மிதித்தோம். தோப்புக்குள் விழுந்து கிடந்த ஓலை, பாளை, குரும்பை எல்லாவற்றையும் வாரி ஒதுக்கினோம். கள்ளுக் கட்டுகிற சித்தூர்க்காரன் ஒருவன் தென்னை மேலிருந்து, "நேரா போட்டே, நேரா!" என்று, அதாவது நேராகவே போகட்டும் என்று, மலையாளத்தில் எங்களுக்கு மேஸ்திரி வேலை பார்த்தான். மத்தியானம் சின்னத்தாயி வீட்டிலிருந்து குண்டான் நிறைய அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் வந்தது. ஈஸ்வரமூர்த்தி முதலில் முறைத்துக்கொண்டு நின்றார். நெய் வாசம் வந்ததும் இலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மட்டும் அண்ணி கையால் இரண்டு கரண்டி எச்சாக விழுந்ததை நான் பார்த்தேன்.

பொழுதோடு, இருட்டுவதற்கு முன்னால், காரைப் பின்பக்கமாகவே ஓட்டிக் கோயில் வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினோம். நான் பின்சீட்டில் மண்டியிட்டு, அந்த உள்ளங்கைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து வழி சொன்னேன். அந்தக் கெட்டி டயர் மட்டைமேல் மெத்தையில் போகிற மாதிரி போனது. இன்னாசிராஜின் ஜீப் டயரோ, சந்துருவின் கப்பல் டயரோ அந்த மண்ணில் புதைந்திருக்கும். இதை நான் சொல்லவில்லை, இன்னாசிராஜே சொன்னான்.

கல்யாணத்தன்று காற்றுக்கூட அடங்கியிருந்தது. முகூர்த்தம் முடிந்து எல்லோரும் கோயிலுக்கு வந்தார்கள். பெண் தமிழ்ப்ரியா உடுமலைப் பக்கம். படியில் ஏறும்போது டயரைப் பார்த்து, "மாட்டு வண்டி டயராட்ட இருக்குது," என்று சந்துருவின் காதில் சொன்னாள். சந்துரு அவளை அவசரமாக உள்ளே ஏற்றிவிட்டான். ஈஸ்வரமூர்த்தி பட்டுவேட்டியோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். இன்னாசிராஜ் முன்னால் பின்னோக்கி நடந்தபடி இரண்டு கையையும் ஆட்டி வழிகாட்டினான். ரோட்டில் இரண்டு பக்கமும் பஸ்ஸையும் லாரியையும் நிறுத்தியாயிற்று, நடுவே கார் ரோட்டைக் குறுக்காகக் கடந்து, மட்டை மேல் ஏறி இறங்கி, தென்னை வரிசைக்குள் நுழைந்தது. தென்னங்கன்றுகளுக்கு எதுவும் ஆகவில்லை. அவற்றின் பக்கத்தில் சின்னத்தாயி காவலுக்கு நின்றிருந்தாளே!

வாசலில் நர்மதா நின்றாள். கார் வர வர அவள் உதடு என்னவோ முணுமுணுத்தது, மாரியம்மனைத்தான் கூப்பிட்டிருப்பாள். பந்தல் வாயில் கார் வந்து நின்றது. டயர் வெடிக்கவில்லை. பெண்ணுக்கு வாந்தி வரவில்லை. தமிழ்ப்ரியா வலது காலை எடுத்து வைத்து இறங்கினாள், ஆரத்தி எடுத்தார்கள், உள்ளே போனாள். நர்மதா தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டாள். அவ்வளவுதான், அவள் கேட்டது நடந்துவிட்டது.

கார் மட்டும் பந்தல் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. சாளைக்குள் ஓட்டிவிடலாம் என்றால் அங்கே சமையல்காரர்கள் அண்டாக்களோடு குடியிருந்தார்கள். திருப்பி ஓரங்கட்டலாம் என்றால் அதுதான் திரும்பாதே. உறவுக்காரர்கள் பந்திக்கு வர வழியில்லாமல் சுற்றிச் சுற்றி நின்றார்கள். மறுபடியும் பின்னாலேயே கோயில் வரை கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். ஈஸ்வரமூர்த்தி எஞ்சினை அணைக்காமல் கதவு வழியே தலையை நீட்டினார்.

"பின்னால பாத்துச் சொல்ல ஒரு ஆளு ஏறுங்கப்பா."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தேன்.

"உன்னைய ஆருடா கூப்ட்டா? போயி எலையப் போடு," என்று என்னை விரட்டினார். பிறகு பந்தலைப் பார்த்து, "நர்மதா, ஏறு," என்றார்.

"நானா? எனக்கென்னங் தெரியும்? சோறு போடோணும், ஒறம்பரைக காத்துட்டு நிக்கறாங்க."

"தென்ன மரம் வருதா இல்லையான்னு பாக்கறதுக்கு என்ன படிப்பு? ஏறு புள்ள, பொகை அடிக்குது."

நர்மதா சுற்றிலும் பார்த்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்து அந்த உயரமான படியில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். கார் பின்னுக்கு நகர்ந்தது. "இக்கட்டால, இக்கட்டால! இந்தப் பக்கமுங்! மரமுங்! நில்லுங்! ஆங், வாங், வாங்..." அவள் சத்தம் தோப்புக்குள் போகப் போகக் குறைந்தது.

நாங்கள் இலை போட்டோம். சாம்பார் ஊற்றினோம். கோயிலில் காரை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் நடந்து வருவார்கள் என்று நான் தோப்பைப் பார்த்தேன். நடந்து யாரும் வரவில்லை. கார்தான் மறுபடியும் வந்தது, தென்னைகளுக்கு நடுவே, முன்னைவிட மெதுவாக. ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிவந்தார். பின்சீட்டின் நடுவே நர்மதா.

"என்னண்ணே, அண்ணாச்சி திருப்பி வாராவ? இப்பத்தான வழி விட்டோம்!" என்றான் இன்னாசிராஜ், கையில் அப்பளத்தோடு.

பந்தியில் உட்கார்ந்திருந்த சின்னத்தாயி சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டாள். வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"ஏ கண்ணு தமிழ்ப்ரியா, அந்த ஆரத்தித் தட்ட எடுத்துட்டு வா."

புதுப்பெண் கழுத்து மாலையோடு வெளியே வந்தாள். "எதுக்குங்க பெரியத்தை? நா வந்துட்டனே?"

"உன்ற மாமியா இப்பத்தான் கண்ணு வர்றா."

தமிழ்ப்ரியா காரைப் பார்த்தாள், சந்துருவைப் பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை அந்தப் பெண். தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு வந்து பந்தல் வாயில் நின்றாள்.

கார் நின்றது. நர்மதாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முகமெல்லாம் சிவந்துவிட்டது. "இதென்னங்க கூத்து? தட்ட உள்ள கொண்டு போ சாமி, நா எறங்கி வர்றேன்," என்று அவசர அவசரமாகக் கதவைத் திறந்து இடது காலைக் கீழே நீட்டினாள்.

"ஏ நர்மதா!" சின்னத்தாயி போட்ட சத்தத்தில் பந்தியே திரும்பிப் பார்த்தது. "வலது கால வையி புள்ள!"

நர்மதா நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். சேலையைச் சரிசெய்து, நேராக உட்கார்ந்து, வலது காலை எடுத்துப் படியில் வைத்தாள்.